வீட்டுக்குள் இரண்டு சனிப்பெயர்ச்சி

வாசகர் கேள்வி, 30-3-2025

நேற்று இரவு என் கைப்பேசியில் உள்ள பஞ்சாங்கச் செயலி மணி அடித்து, சனி பகவான் கும்பத்தை விட்டு மீனத்துக்குப் பெயர்ந்துவிட்டார் என்று அறிவித்தது. என் மனைவி மகர ராசி; ஏழரைச் சனி தொலைந்தது என்று உடனே எள் தீபம் ஏற்றினாள். காலையில் என் தாயார், திருநள்ளாற்றில் இந்த ஆண்டு பெயர்ச்சியே இல்லை, 2026 மார்ச் மாதம்தான் என்று சொல்லி விளக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். செயலி சொல்வது வானியல் கணக்கு. கோயில் சொல்வது பழைய கணக்கு. எல்லார் கையிலும் கைப்பேசி வந்துவிட்ட பிறகு வாக்கியப் பஞ்சாங்கம் தானாக மறைந்துவிடும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணம் சொல்லலாம்.

31-3-2025

மறுக்கிறேன். ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொலைநோக்கியை வைத்துக்கொண்டு சனி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் செயலி காட்டும் இடத்தில்தான் இருக்கும். கோயில் பின்பற்றும் வாக்கியக் கணக்கில் சனி சில பாகை பின்தங்கி நிற்கிறது. சனி மெதுவாக நகரும் கிரகம். ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டு எடுத்துக்கொள்கிறது. அதிலும் ஆண்டுக்குச் சில மாதம் வக்கிரமாகப் பின்னோக்கிச் செல்கிறது. அதனால் அந்தச் சில பாகை வித்தியாசம் நாட்காட்டியில் மாதக்கணக்காக விரிந்துவிடுகிறது.

உங்கள் வீட்டில் நடந்த வழக்கு புதிதன்று. மகரத்துக்குச் சனி பெயர்ந்தது திருக்கணிதப்படி, அதாவது செயலி பின்பற்றும் கணக்குப்படி, 24-1-2020. திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்தது 27-12-2020. கும்பத்துக்குத் திருக்கணிதப்படி 17-1-2023, திருநள்ளாற்றில் 20-12-2023. இப்போது மீனத்துக்கு 29-3-2025, திருநள்ளாற்றில் 6-3-2026. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய பதினொரு மாதம். முன்பெல்லாம் இந்த இடைவெளி சோதிடர்களுக்கும் கோயில் அலுவலர்களுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. இப்போது மணி அடித்துச் சொல்கிறார்கள்.

திருக்கணிதம் வெள்ளையர் காலத்துச் சரக்கு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார்தான் அதைத் தொடங்கிவைத்தார். நட்சத்திரங்களைத் தொலைநோக்கியில் பார்ப்பதே அவருக்கு உத்தியோகம். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874-இல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடந்தபோது பொதுமக்களுக்காக விளக்கச் சிறுநூல் எழுதியவர். அத்தகையவருக்குப் பஞ்சாங்கமும் வானமும் ஒத்துப்போகாதது உறுத்தியிருக்கும்.

1-4-2025

ஒரு சிறு திருத்தம், பலரும் கேட்பதால். திருக்கணிதத்தில் உள்ள 'திரு' மரியாதைச் சொல் அன்று. திருக் என்றால் பார்வை. கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும் கணிதம் என்று பொருள். வாக்கியத்தை 'வாக்கியம்' என்றும் மற்றதைத் 'திரு' சேர்த்தும் சொல்வது ஓரவஞ்சனை என்று என் நண்பர் ஒருவர் இருபது ஆண்டுகளாகக் கோபித்துக்கொண்டிருந்தார். இன்று அவருக்கு இதை அனுப்பிவைத்தேன். கோபம் தணியவில்லை, வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்.

2-4-2025

நோன்புப் பெருநாளைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த வாரத்துக்குப் பொருத்தமான கேள்வி. சவூதி அரேபியாவில் 30-3-2025 அன்றும் நம் நாட்டில் மறுநாளும் பெருநாள் கொண்டாடப்பட்டது. தமிழ்நாட்டில் பிறை தென்பட்டதா இல்லையா என்பதைத் தலைமைக் காஜி அறிவிக்கிறார். துருக்கியிலோ கணக்கிட்டு முன்கூட்டியே நாட்காட்டியில் அச்சிட்டுவிடுகிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிறை விஷயத்தில் கண்ணால் பார்ப்பது மரபு, கணக்கிடுவது புதுமை. நம் பஞ்சாங்கச் சண்டையிலோ மனப்பாடமாக வந்த கணக்கு மரபு. கண்ணால் பார்த்து ஒப்பிடுவது புதுமை. ஆகவே 'அறிவியல் ஒருபுறம், மரபு மறுபுறம்' என்று கோடு கிழித்தால் அந்தக் கோடு ஒரு தெருவில் ஒரு பக்கமும் அடுத்த தெருவில் மறு பக்கமும் போகும். கண் பெரிதா கணக்குப் பெரிதா என்பதை எந்தக் கருவியும் நமக்காகத் தீர்மானித்துத் தராது.

5-4-2025

என் முதல் குறிப்பில் பிழை இருக்கிறது. திருக்கணிதம் வெள்ளையர் காலத்துச் சரக்கு என்று எழுதியது அவசரம். கேரளத்துப் பரமேசுவரர் 1431-இல் எழுதிய நூலின் பெயரே திருக்கணிதம். அவர் 1393 முதல் 1432 வரை கிரகணங்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்து, பழைய கணக்கு வானத்தோடு ஒட்டவில்லை என்று கண்டு மாற்றியவர். தொலைநோக்கி அப்போது கிடையாது. ரகுநாதாசாரியார் தொடங்கிவைக்கவில்லை, நின்று போயிருந்த ஒரு வேலையைப் புதிய கருவியோடு தொடர்ந்தார் என்று வாசித்துக்கொள்ளவும். மரபுக்குள்ளேயே திருத்திக்கொள்ளும் பழக்கம் இருந்தது என்பது என் வாதத்துக்குச் சற்றுப் பாதகம்தான். என்றாலும் உண்மையை எழுதாமல் விட முடியாது.

9-4-2025

வாக்கியம் என்றால் என்ன என்று இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார். சொந்தக் கதை வழியாகச் சொல்கிறேன்.

என் பெரியப்பா மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் படிப்பவர். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அவர் திண்ணையில் படுத்துக்கொண்டு 'கீர்ந: ச்ரேய:' என்று தொடங்கி ஏதோ ஒன்றை நீட்டி முழக்குவார். சுலோகம் என்று நினைத்து நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறோம். நாற்பது வயதுக்கு மேல்தான் அது சுலோகம் அன்று, எண்களின் அட்டவணை என்று தெரிந்தது. அந்த முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண் உண்டு. கூட்டெழுத்தில் கடைசி மெய்யை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 'கீ' 3, 'ந' 0, 'ரே' 2, 'ய' 1. தலைகீழாகப் படித்தால் 1203. அதாவது முதல் நாளில் சந்திரன் நகர்ந்த தூரம் 12 பாகை 3 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை). இப்படி 248 வாக்கியங்கள், 248 நாட்களுக்கு. சந்திரனின் வேகம் கூடிக் குறைந்து மீண்டும் பழைய நிலைக்கு வர ஏறத்தாழ இருபத்தேழரை நாள் ஆகும். அப்படி ஒன்பது சுற்று முடிய 248 நாள். அதன்பின் மறுபடி முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கலாம்.

இதைப் பழங்காலக் கணிதர் வரருசியின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். பிற்காலத்தில் கேரள வானியலர் சங்கமக்கிராமத்து மாதவர் இதே 248 வாக்கியங்களை விகலை வரை துல்லியமாக்கினார். அவருடைய முதல் வாக்கியம் 'சீலம் ராஜ்ஞ: ச்ரியே', கணக்கிட்டால் 12 பாகை 2 கலை 35 விகலை வரும்.

ஓலையும் வேண்டாம், கருவியும் வேண்டாம், கோட்பாடும் தெரிய வேண்டாம். நாக்கும் நினைவும் போதும். சந்திரன் எங்கே இருக்கிறான் என்று எந்த ஊரிலும் எந்த நேரத்திலும் சொல்லிவிடலாம். கைப்பேசிச் செயலி செய்வதும் இதையேதான். ஆகவே நம் வீட்டில் நடப்பது பக்திக்கும் தொழில்நுட்பத்துக்கும் இடையிலான சண்டை அன்று. பழைய செயலிக்கும் புதிய செயலிக்கும் இடையிலான சண்டை.

10-4-2025

நேற்றைய கடைசி வரியைப் படித்துவிட்டுப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். பாராட்டு வந்ததும் எனக்குச் சந்தேகமும் வந்துவிட்டது. பெரியப்பா செயலி அல்லர். 'நாளைக்கு எனக்கு வசதியில்லையே' என்று கேட்டால் அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு வேறொரு நாழிகையைச் சொல்வார். செயலியிடம் அப்படிக் கேட்க முடியாது. இதை யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

15-4-2025

நேற்று விசுவாவசு ஆண்டுப் பிறப்பு. ஊர்க் கோயிலில் பஞ்சாங்கப் படனம் நடந்தது. படித்தவரையும் சேர்த்து அங்கே பதினொருவர் இருந்தோம். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்று ஐந்து அங்கத்தையும் சொன்னார்; மழை எத்தனை மரக்கால் என்றார்; எந்த ராசிக்கு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்றார். என் ராசிக்குச் செலவு அதிகம் என்றபோது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பஞ்சாங்கம் மெய்யாகிவிட்டது. ஓர் இளைஞர் முழுவதையும் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போட்டார். மாலைக்குள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். கோயிலில் பதினொருவர், கைப்பேசியில் அதைவிடப் பல மடங்கு. இதைச் சரிவு என்பதா வளர்ச்சி என்பதா என்று எனக்குத் தெளிவாகவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: கோயிலில் எல்லா ராசிக்கும் உரிய பலனையும் எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம், பதிவில் கேட்டவர்கள் தங்கள் ராசி வரும் இடத்துக்கு நகர்த்திக் கேட்டார்கள். என் தம்பியே அப்படித்தான் கேட்டதாகச் சொன்னான்.

3-5-2025

இராகுகாலம். இதில் செயலி செய்துவைத்த குழப்பம் தனி.

நம்மில் பலருக்கு இராகுகாலம் ஒரு வரியில் மனப்பாடம்: 'திருவிழாச் சந்தடியில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா?' திங்கள் ஏழரை முதல் ஒன்பது, அடுத்த ஒன்றரை மணி சனி, அதன்பின் வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், கடைசியாக ஞாயிறு நாலரை முதல் ஆறு. சூரியன் காலை ஆறு மணிக்கு உதித்து மாலை ஆறு மணிக்கு மறைவதாக வைத்துக்கொண்டு பகலை எட்டாகப் பங்கிட்ட கணக்கு இது. ஆனால் சூரியன் அலுவலகத்துக்குப் போகிறவர் அல்லர். சென்னையில் மார்கழியில் பகலின் எட்டில் ஒரு பங்கு ஏறத்தாழ 85 நிமிடம். ஆனியில் ஏறத்தாழ 97 நிமிடம். செயலி அன்றன்றைய உதயத்தை வைத்துக் கணக்கிடுவதால் 'வெள்ளி 10.39 முதல்' என்று காட்டுகிறது. அதுதான் இலக்கணப்படி சரி. ஆனால் 10.30 மணிக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று ஓடிய தலைமுறையும், 10.38 வரை நேரமிருக்கிறது என்று நிதானமாகக் காப்பி குடிக்கும் தலைமுறையும் ஒரே காரில் போக வேண்டியிருக்கிறதே!

கடிகாரத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெரியப்பா காலத்துக்கு முன்பே ஒரு கருவி வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டிருந்தது, நாம் மறந்துவிட்டோம். பழைய நீர்க் கடிகாரமான நாழிகை வட்டில் அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்திலிருந்து ஓடியது. பிறகு இரயிலுக்காகச் சென்னை நேரம் வந்தது. 1906-இல் நாடு முழுமைக்கும் ஒரே நேரம் வந்தது. சென்னையின் சொந்த நேரம் அதைவிட ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது. மேற்கே கோயம்புத்தூருக்கு வித்தியாசம் 20 நிமிடத்துக்கும் மேல். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் ஒரே ஏழரை மணிக்கு இராகுகாலம் தொடங்கும் என்று நாம் நூறு ஆண்டாக நம்பி வந்தது இரயில்வே கற்பித்த ஆன்மிகம். செயலி இப்போது இடத்துக்கு இடம் மாற்றிக் காட்டுவதால் நம்மை வட்டில் காலத்துக்கே திருப்பி அழைத்துப் போகிறது என்றும் வாதிடலாம். கேள்வி கேட்டவர் மகிழ்ச்சியடைய வேண்டாம். இது உங்கள் தரப்புக்குச் சாதகமான வாதமா என்பதை நானே இன்னும் முடிவு செய்யவில்லை.

4-5-2025

காரில் ஓடிய தலைமுறை யார் என்று கேட்கிறார்கள். நான்தான்.

22-6-2025

இவ்வளவு நாள் செயலியை ஓரளவு உயர்த்தியே பேசிவந்தேன். அதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்ட கதைதான்.

என் தந்தையின் திதி மாசி மாதத்தில் வரும். இந்த ஆண்டு தை மாதம் முழுவதும் மகள் வீட்டில், நியூ செர்சியில் இருந்தோம். திரும்பியதும் செயலியைப் பார்த்து நாளைக் குறித்து, தம்பிக்கும் அத்தை மகனுக்கும் சொல்லி, சடங்கு செய்துவைக்கும் வாத்தியாருக்கும் செய்தி அனுப்பிவிட்டேன். சற்று நேரத்தில் அவர் கூப்பிட்டார். 'அண்ணா, உங்கள் கணக்கில் அப்பாவுக்கு ஒரு நாள் முன்னதாகவே பசிக்கிறதா?' என்று கேட்டார். நான் திருக்கணிதம், வாக்கியம், இரண்டுக்கும் சில நாழிகை வித்தியாசம் வரலாம் என்று நீண்ட விளக்கம் கொடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்தக் கணக்கிலும் அந்த நாள் வராது என்றார்.

காரணம் இரண்டு நாள் கழித்து என் பேரன் வாயிலாகத் தெரிந்தது. கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் வசதியை நான் அணைத்து வைத்திருந்தேன். செயலி என்னை இன்னும் நியூ செர்சியிலேயே வைத்திருந்தது. திதி பிறக்கும் கணம் உலகம் முழுமைக்கும் ஒன்றுதான். ஆனால் நமக்கு விடிந்தபின் பிறக்கும் திதி அவர்களுக்கு முந்தைய நாள் மாலையிலோ இரவிலோ பிறந்துவிடுகிறது. சிராத்தத்துக்கோ பகலை ஐந்தாகப் பங்கிட்டு நான்காம் பங்கில், அதாவது அபரான்னத்தில், திதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அபரான்னம் எந்த ஊரின் அபரான்னம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. செயலியின் கணக்கில் ஒரு விகலை கூடப் பிழையில்லை. பிழை நான் எங்கே இருக்கிறேன் என்பதில்.

10-4-2025 குறிப்பில் யோசித்துவிட்டு எழுதுவதாகச் சொன்னது இங்கே வந்து சேர்கிறது. வாத்தியாருக்கு நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று கேட்காமலே தெரிந்திருந்தது.

25-6-2025

ஒரு வாசகி, கனடாவில் இருப்பவர், எனக்கு நேர் எதிரான அனுபவத்தை எழுதியிருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் வாத்தியார் கிடையாது. ஊரிலிருந்து வரும் அச்சுப் பஞ்சாங்கம் தமிழ்நாட்டு உதயத்துக்குப் போட்டது. அதை வைத்து அங்கே ஏகாதசி இருந்தால் பாதி நாள் துவாதசியில் பட்டினி கிடக்க நேரும். செயலி வந்தபிறகுதான் தன் ஊர் உதயத்துக்கு விரதம் இருக்க முடிகிறது என்கிறார். நியாயம்தான். என் சொந்த அவமானத்தை வைத்துப் பொது விதி எழுதப் பார்த்தேன்.

8-9-2025

நேற்று இரவு முழுச் சந்திர கிரகணம். மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். 9.57 மணிக்கு ஸ்பரிசம், அதாவது கிரகணத் தொடக்கம், என்று செயலி சொன்னது. 9.57 மணிக்கு நிலவின் ஓரம் கருகத் தொடங்கியதா என்று கேட்டால், 9.55 என்று பேரனும் பத்து மணி என்று நானும் சண்டையிட்டோம். கண்ணின் துல்லியம் அவ்வளவுதான். பதினொரு மணிக்கு முழுதும் மறைந்து செம்பு நிறமானது. நள்ளிரவு தாண்டி 12.22 வரை அப்படியே இருந்தது. 1.26 மணிக்கு மோட்சம், அதாவது கிரகண முடிவு. நான் அதற்குள் தூங்கிவிட்டேன்.

இருநூறு ஆண்டுக்கு முந்தைய இன்னொரு கிரகணத்தை இங்கே நினைவுகூர வேண்டும். 1825-இல் ஜான் வாரன் என்பவர் நம் நாட்டுக் காலக்கணக்கைப் பற்றிச் சென்னையில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரை அவர் சந்தித்தார். அந்தத் தமிழர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்தில் இருந்த வாக்கியங்களை மட்டும் கொண்டு, அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை. இருபதாம் நூற்றாண்டில் அறிவியல் வரலாற்றாசிரியர் நாய்கெபவர் இதை எடுத்து விரிவாக ஆராய்ந்தார். கணித்தவருக்கு அதன் பின்னுள்ள கோட்பாடு தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

52 நிமிடம் என்பது சிறிய பிழை அன்று. ஸ்நானம் செய்யக் குளக்கரையில் காத்து நின்ற ஊர், மோட்சம் ஆகிவிட்டது என்று கணக்குச் சொல்லியும் நிலவு கருத்தே இருப்பதையோ, கணக்குச் சொல்வதற்கு முன்பே வெளுத்துவிட்டதையோ பார்த்திருக்கும். கிரகணத்தில் மட்டும் எல்லாரும் மேலே நிமிர்ந்து பார்த்துவிடுகிறார்கள்; அங்கே வாக்கியம் தோற்றால் தெரிந்துவிடும். சனி மீனத்தில் இருக்கிறதா கும்பத்தில் இருக்கிறதா என்று யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? என் வீட்டுக்கு வரும் வாக்கியப் பஞ்சாங்கத்திலேயே கிரகண நேரம் நவீனக் கணக்கோடு நிமிடத்துக்கு நிமிடம் ஒத்திருக்கிறது. சனி மட்டும் பழைய இடத்தில் இருக்கிறார். யாரும் இதை முரண்பாடாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை, நேற்று இரவு வரை.

11-9-2025

'அப்படியானால் வானம்தானே கடைசி நீதிபதி? மீனம் எங்கே தொடங்குகிறது என்பதையும் வானத்திலேயே பார்த்துவிடலாமே' என்று கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். பார்க்க முடியாது. கும்பத்துக்கும் மீனத்துக்கும் நடுவே வானத்தில் வரப்பு ஏதும் கிடையாது. சனி இருக்கும் இடத்தை அறிவியல் சொல்லும். அந்த இடம் எந்த ராசியில் சேரும் என்பது, ராசிகளை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்ற தீர்மானத்தை, அதாவது அயனாம்சத்தைப் பொறுத்தது. இயற்பியல் அறிஞர் மேகநாத சாகா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 21-3-1956 அன்று அயனாம்சம் 23 பாகை 15 கலை என்று வைத்துக்கொண்டது. பெரும்பாலான செயலிகள் அதையொட்டியே ஓடுகின்றன. அமைப்புப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேறு நான்கைந்து அயனாம்சங்களும் இருக்கும். மாற்றினால் உங்கள் 29-3-2025 சில நாளோ சில வாரமோ நகரும். நீங்கள் செயற்கைக்கோளின் தீர்ப்பு என்று நினைத்தது பாதி ஒரு குழுவின் தீர்மானம். 31-3-2025 குறிப்பில் நானும் இதைச் சொல்லாமல் விட்டேன்.

19-11-2025

சந்திராட்டமம். பிறந்த ராசிக்கு எட்டாம் இடத்தில் சந்திரன் இருக்கும் இரண்டேகால் நாள். இருபத்தேழு நாளுக்கு ஒரு முறை எல்லாருக்கும் வரும். தினசரி நாள்காட்டித் தாளின் மூலையில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கிழித்துப் போட்ட பிறகு நினைவுக்கு வந்து, கடந்துவிட்டதே என்று நிம்மதியடைவது வழக்கம். இப்போது என் அக்காள் மகன் கைப்பேசிக்கு அறிவிப்பு வருகிறது. முந்தைய நாள் ஒன்று, தொடங்கும்போது ஒன்று. சென்ற வாரம் ஒரு நேர்காணலைத் தள்ளிவைத்துவிட்டான். அவன் கோயிலுக்குப் போகிறவன் அல்லன். சோதிடரிடம் போனதும் இல்லை. அவனுக்கு இது மத நம்பிக்கையே இல்லை, வானிலை எச்சரிக்கை போல என்கிறான். என் தாயாருக்குச் சந்திராட்டமம் தெரியும். அதோடு பரிகாரமும் தெரியும். 'பிள்ளையாரை நினைத்துக்கொண்டு போ' என்பதில் முடிந்துவிடும். செயலி அச்சத்தை மட்டும் நேரம் தவறாமல் கொண்டுவந்து கொடுக்கிறது.

இதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. பெயர்ச்சி என்றைக்கு என்பதை இருவர் இரண்டு விதமாகச் சொல்லட்டும்; அது நூறு ஆண்டுக்கும் மேலாக நடக்கும் வழக்கு. ஆனால் திருநள்ளாற்றுக்குப் போகிறவர் நளதீர்த்தத்தில் குளிக்கிறார், வரிசையில் நிற்கிறார், பக்கத்தில் நிற்பவரும் அதே ஏழரையில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்கிறார். அக்காள் மகன் தனியாக, படுக்கையில், ஒளிரும் திரையில் தெரிந்துகொள்கிறான்.

20-11-2025

அவன் இதைப் படித்துவிட்டான். தள்ளிவைத்த நேர்காணலில் வேலை கிடைத்துவிட்டது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறான். எழுதிவிட்டேன்.

18-1-2026

வாத்தியார் வீட்டுக்கு வந்திருந்தார். தர்ப்பைக் கட்டோடு கைப்பேசியை எடுத்து வைத்து, அதே செயலியைத் திறந்தார். எனக்கு ஒரு கணம் என் குறிப்புகள் அத்தனையும் வீணாகிவிட்டன என்று தோன்றியது. பிறகு கவனித்தேன், அவர் அதை வாக்கியக் கணக்குக்கு மாற்றி வைத்திருந்தார். ஒரு பொத்தான்தான். இந்தப் பக்கம் தள்ளினால் திருக்கணிதம், அந்தப் பக்கம் தள்ளினால் வாக்கியம். முப்பது பேர் வீட்டுத் திதியை நினைவில் வைத்திருந்தவர், இப்போது இருநூறு பேருடையதை அதில் போட்டு வைத்திருக்கிறாராம். ஆகவே, கைப்பேசி வந்ததும் வாக்கியம் மறையும் என்ற கருத்துக்கு இதைவிட நேரான மறுப்பு என்னிடம் இல்லை. வாக்கியம் கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது.

இருந்தும் அந்தப் பொத்தான் எனக்கு நிம்மதி தரவில்லை. பெரியப்பாவுக்கு வாக்கியம் என்பது பஞ்சாங்கம். வேறொன்று இருப்பதாக அவர் பொருட்படுத்தவே இல்லை. எனக்கு அது ஒரு பக்கம் தள்ளிவைத்த பொத்தான். தள்ளியது நான்தான் என்பதை மறக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் மனைவிக்குத் திருக்கணிதத்தையும், மேஷ ராசிக்காரர் எவரேனும் இருந்தால் அவருக்கு வாக்கியத்தையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு ஏழரை ஓராண்டு முன்னதாக முடியும், மற்றவருக்கு ஓராண்டு தாமதமாகத் தொடங்கும். இரண்டும் சாத்திரப்படி சரி. சனி பகவானை இவ்வளவு வசதியாக எந்தத் தலைமுறையும் கண்டதில்லை.

7-3-2026

நேற்று திருநள்ளாற்றுக் கணக்குப்படி பெயர்ச்சி. கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: தாயார் எடுத்து வைத்த அதே அகல் விளக்கை மனைவி வெளியே கொண்டுவந்து ஏற்றினாராம். மகன் மேஷ ராசி என்பதையும் இப்போதுதான் சொல்கிறார். சென்ற ஆண்டு செயலியை நம்பியவர், மகன் விஷயத்தில் ஓராண்டாகத் தாயார் பக்கம் இருந்திருக்கிறார். இதை முன்பே சொல்லியிருந்தால் எனக்குப் பாதி எழுத்து மிச்சமாகியிருக்கும்.

12-3-2026

தந்தையின் திதி முடிந்தது. இந்த முறை இருப்பிடத்தை மூன்று தடவை சரிபார்த்தேன். மயிலாடுதுறை என்றே காட்டியது. அப்படியும் செயலியின் திருக்கணிதத்துக்கும் வாத்தியார் சொன்ன நாளுக்கும் ஒரு நாள் வித்தியாசம் வந்தது. திதி அபரான்னத்தைத் தொடுகிறதா தொடவில்லையா என்ற சில நாழிகைக் கணக்கு. வாக்கியத்தில் திதி 54 நாழிகைக்குக் குறையாது, 65 நாழிகைக்கு மிகாது. திருக்கணிதத்தில் 50 வரை சுருங்கும், 67 வரை நீளும். அதனால் சில மாதங்களில் இப்படி ஆகத்தான் செய்யும்.

வாத்தியார் சொன்ன நாளிலேயே செய்தோம். செயலி காட்டிய நாளில், காலையில் யாரிடமும் சொல்லாமல் மாடிக்குப் போய்க் காகத்துக்கு ஒரு பிடி சாதம் வைத்துவிட்டு வந்தேன்.